கும்பிடு போட்ட போஸ்டர்

"தலைவர் படம் நடுவுல. அதுல மாத்துப் பேச்சே கெடையாது" என்றான் சூரியபிரகாஷ்.

"அப்ப பொருளாளர் படம்? ஓரத்துல ஒட்டுற தபால்தலையாய்யா நானு?" என்று எழுந்து நின்றார் மலையாண்டி.

அமீருன்னிசா டீ கேனைத் தரையில் ஓங்கி வைத்தாள். வைத்த சத்தத்துக்குக்கூட ஒருத்தனும் திரும்பவில்லை. சூப்பர் மார்க்கெட் எதிர்ப்புப் போராட்டக் குழு காலையில் உட்கார்ந்தது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இதுவரை சூப்பர் மார்க்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. போஸ்டரில் யார் படம் பெரிசு, யார் பெயருக்கு முன்னால் 'அண்ணன்' போடுவது, யாருக்கு 'சமூக ஆர்வலர்' போடுவது, இதிலேயே டீயும் போச்சு, பொழுதும் போச்சு. டீ அவள் போட்டது. உட்கார்ந்திருந்த சேர்களும் அவளுடையவை.

நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி உள்ளே போனால் வெள்ளைப்பாறை நகர். அங்கே ஓட்டம் நின்றுபோன ரைஸ்மில் ஒன்று இருக்கிறது. நெல் காயப்போட்ட பெரிய களம், ஓரத்தில் இரண்டு தகர ஷெட். அந்த ஷெட்டில்தான் அமீருன்னிசாவும் அவள் புருசன் சுலைமானும் வாடகைப் பாத்திரக் கடை நடத்துகிறார்கள். சேர், பந்தல் கம்பு, சாமியானா, பிரியாணி தேக்சா, ஆள் உட்கார்ந்து குளிக்கிற அளவுக்கு அண்டா, எல்லாம் அங்கேதான். சுற்றியிருக்கிற தெருக்களுக்குக் கல்யாண மண்டபம் என்று தனியாக ஒன்று கிடையாது. காதுகுத்தோ, நிக்காஹ்வோ, வளைகாப்போ, கருமாதியோ, அந்தக் களத்திலேயே பந்தல், அந்த ஷெட்டிலேயே பாத்திரம். பாயம்மா என்று ஊரே கூப்பிடுகிற அமீருன்னிசாவைக் கேட்காமல் அங்கே ஒருத்தரும் விசேஷத்துக்குத் தேதி வைத்ததில்லை. "அன்னைக்கு வேற ஆர்டர் இருக்கு, அடுத்த முகூர்த்தத்துல வைங்க" என்று அவள் சொன்னால் மாப்பிள்ளை வீட்டார்கூட மாற்றிக்கொள்வார்கள்.

அந்த இடத்தைத்தான் இப்போது நிறைகுடம் சூப்பர் மார்க்கெட்காரர்கள் கேட்கிறார்கள். சென்னையில் இருக்கிற மில் வாரிசுகள் சரி என்றுவிட்டார்கள். கட்டடத்துக்கு அனுமதி மட்டும்தான் பாக்கி. அதற்கு முன்னால் ஓர் அதிகாரியம்மா சனிக்கிழமை நேரில் வந்து, கடை வேண்டுமா வேண்டாமா என்று சனங்களிடம் கேட்கப்போகிறார். சனம் கூடி வேண்டாம் என்று சொன்னால் தப்பித்தது. இல்லையென்றால் ஷெட்டைக் காலி பண்ணவேண்டியதுதான். அம்புட்டு சாமானையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது? இருக்கிற வீட்டில் நாலு சேர் போட்டால் கதவு திறக்காது. இடம் போனால் தொழில் போச்சு. இது அமீருன்னிசாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. மற்றவர்களுக்குப் படம்தான் தெரிந்தது.

"ஏம்ப்பா, எங்களுக்கு இந்தக் கடை வேணாம்னு பெருசா எழுதுங்கப்பா. படமெல்லாம் அப்பறம்" என்றாள்.

"அக்கா, டிசைனெல்லாம் நாங்க பாத்துக்கிறோம். நீங்க பந்தலைப் பாருங்க" என்றான் சூரியபிரகாஷ். அவன் வாட்ஸ்அப் குழு நடத்துகிறவன். எந்த ஊரில் எந்தக் குழு ஆரம்பித்தாலும் அதற்கு இவன்தான் செயலாளர். தலைவர் விருமாண்டிக்குச் சூப்பர் மார்க்கெட் மேல் கோபம் வந்ததே வேறு கதை. செங்கலும் எம்-சாண்டும் சப்ளை பண்ணுகிறவர் அவர். கட்டடத்துக்கு அவரிடம் கேட்காமல் திருமங்கலத்துக்காரனிடம் பேசிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரியே அவருக்கு ஊர்ப்பற்று பொங்கிவிட்டது.

கிடக்கிறது கிடக்கட்டும், கிழவனைத் தூக்கி மணையில் வை என்ற கதைதான். அமீருன்னிசா தலையில் அடித்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனாள். உள்ளே சுலைமான் கவிழ்த்துப் போட்ட தேக்சா மேல் உட்கார்ந்து பந்தல் கயிற்றுச் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களாச்சும் போய் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இங்கன உக்காந்து கயிறு பிரிச்சிட்டு இருக்கீக."

"விடு அமீரு. நடக்குறது நடக்கும்" என்றார் அவர்.

வீடு பற்றி எரிந்தாலும் இந்த மனுசன் இதையேதான் சொல்லுவார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதுரைக்காரனையும் போஸ்டரையும் பிரிக்க முடியுமா? பிள்ளை பிறந்தால் போஸ்டர், பிள்ளைக்குக் காது குத்தினால் போஸ்டர், காது குத்துக்குச் சீர் கொண்டுவந்த தாய்மாமனுக்கு நன்றி சொல்லி இன்னொரு போஸ்டர். செத்தாலும் போஸ்டர்தான். அதில் செத்தவரைவிட அழுகிறவர்களின் படம் பெரிதாக இருக்கும். ஆகவே போராட்டக் குழுவில் இருந்த அத்தனை பேரும் படம் கொடுத்தார்கள். என்ன படம் கொடுத்தார்கள்? ஏற்கெனவே யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ, 'வருக வருக' என்று கும்பிட்டபடி சிரித்து எடுத்த படம். கையில் இருந்தது அதுதான். போராட்டத்துக்கென்று முறைத்துக்கொண்டு எவன் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான்!

வியாழக்கிழமை காலையில் பக்கத்துத் தெருக் காய்கறிக் கடை நாகஜோதி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, பஸ் ஸ்டாப்புல வந்து பாருங்க. எனக்கு என்னமோ செய்யுது."

பஸ் ஸ்டாப் சுவர் நீளத்துக்குப் போஸ்டர். பக்கத்திலேயே இரண்டாள் உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ். உச்சியில் சிவப்பு எழுத்தில், மலை மேலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவுக்கு, 'நிறைகுடம் சூப்பர் மார்க்கெட்'. அதற்குக் கீழே 'எங்கள் பகுதிக்கு' என்று ஒரு வரி. அடுத்த வரி இருக்கவேண்டிய இடத்தில் கூலிங்கிளாஸ் போட்டு அருள்பாண்டி சிரித்துக்கொண்டிருந்தான். அவன் விருமாண்டி பெண்டாட்டியின் தம்பி. நடுவில் விருமாண்டி ஆளுயரத்தில் கும்பிட்டு நின்றார். அவரைச் சுற்றி மலையாண்டி, சூரியபிரகாஷ், இன்னும் குழுவில் உள்ள எல்லோரும் வாயெல்லாம் பல்லாகக் கும்பிட்டார்கள். அடியில் 'சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரைஸ்மில் களத்தில். அனைவரும் குடும்பத்தோடு திரண்டு வாரீர்!'

"யா அல்லா!" என்று அமீருன்னிசா அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டாள். "கடை தொறப்பு விழாவுக்குப் பத்திரிகை அடிச்ச மாதிரியில்ல இருக்கு!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை இதுதான். அவள் நேராக விருமாண்டி வீட்டுக்குப் போனாள். அவர் செல்போனில் தன் படத்தைத்தான் விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சூரியபிரகாஷும் பக்கத்தில் நின்றான்.

"வேணாம்கிற வார்த்தை எங்க போச்சு?"

சூரியபிரகாஷ் தலையைச் சொறிந்தான். "இருந்துச்சுக்கா. 'வேண்டவே வேண்டாம்'னு கெட்டி எழுத்துல போட்டிருந்தேன். கடைசி நேரத்துல அருள்பாண்டி வந்து அச்சுச் செலவு அம்புட்டும் தன்னோடதுன்னு சொன்னாப்ல. செலவு செய்றவன் படத்தைப் போடாம விட்டா நல்லாவா இருக்கும்? அந்த எடம் மட்டும்தான் காலியா இருந்துச்சு."

"காலியாவா இருந்துச்சு? வேணாம்னு எழுதியிருந்த எடம்டா அது!"

"அட விடுங்க பாயம்மா" என்றார் விருமாண்டி. "நாம எதுக்குறோம்னு யாருக்குத் தெரியாது? ஊருக்கே தெரியும்."

"வெள்ளைப்பாறை நகருக்குத் தெரியும் தம்பி. கரடிப்பட்டிக்காரனுக்கும் வடபழஞ்சிக்காரனுக்கும் தெரியுமா? போஸ்டர் அங்க வரைக்கும் ஒட்டியிருக்கீகளே! வெறும் தாள்ல 'வேண்டாம்'னு எழுதி அந்தப் பய மூஞ்சி மேல ஒட்டிவிடுங்க, போதும்."

விருமாண்டி காதைப் பொத்திக்கொண்டார். "மச்சினன் மூஞ்சி மேல தாள் ஒட்டுறதா? எம்பொண்டாட்டி எனக்குச் சோறு போடுவாளா? அப்பறம் இந்த ஊர்ல நான் தலை காட்ட முடியுமா?"

"அப்ப போஸ்டரையாச்சும் கிழிங்க."

"உசுரோட இருக்கவன் படத்தைக் கிழிக்கிறதா! நல்லாச் சொன்னீக! அதுக்குக் கண்ணீர் அஞ்சலியே அடிச்சிரலாமே!"

இந்தக் கூறுகெட்ட கூட்டத்தோடு இனி எகனைக்கு மொகனை பேசிப் பயனில்லை என்று அவள் திரும்பிவிட்டாள். ஷெட்டில் பாத்திரங்களுக்குப் பெயர் எழுதுகிற பெயிண்ட் டப்பாவும் பிரஷும் இருந்தன. எடுத்துக்கொண்டு கிளம்பினவளைச் சுலைமான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேணாம் அமீரு. நாளைக்கு அவங்க வீட்டு விசேஷத்துக்கும் நாமதான் பந்தல் போடணும். பகை எதுக்கு?"

"நாளைக்குப் பந்தல் போட எடம் இருந்தாத்தானே!" என்று கத்தினாள். அன்றைக்கு ஒரு சீமந்தத்துக்குப் பாத்திரம் இறக்கவேண்டியிருந்தது. வேலை வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் இருவரையும் இழுத்துக்கொண்டது, பெயிண்ட் டப்பா மூலையிலேயே கிடந்துபோனது.

சனிக்கிழமை விடிந்ததும் பந்தல் வேலை ஆரம்பித்தது. வாடகை கிடையாது, போராட்டத்துக்கு இலவசம். அமீருன்னிசா சொல்லச் சொல்லச் சுலைமான் கம்பு நட்டார், சாமியானா கட்டினார், சேர்களை நாலு நாலாகத் தூக்கிவந்து வரிசை போட்டார். ஸ்டூலிலிருந்து இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "மெதுவா எறங்குங்க, என்ன அவசரம்?" என்று ஓர் அதட்டல் போட்டுவிட்டு அவள் மைக்செட்காரனைப் பார்க்க ஓடினாள்.

பத்து மணிக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. என்னே கூட்டம்! ஷேர் ஆட்டோவில், மினி பஸ்ஸில், டிராக்டர் டிரெய்லரில் வந்து இறங்கினார்கள். குடும்பத்தோடு வரச் சொன்னார்கள் இல்லையா, குடும்பத்தோடுதான் வந்தார்கள். சேர் போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். விருமாண்டிக்கு மீசை துடித்தது. "பாத்தீகளா பாயம்மா? நம்ம போஸ்டருக்கு வந்த கூட்டம்!"

அமீருன்னிசா கூட்டத்தின் கைகளைப் பார்த்தாள். பெண்கள் எல்லார் கையிலும் ஒயர் கூடை, கட்டைப்பை, மடித்த சாக்கு. முன் வரிசையில் இருந்த கரடிப்பட்டி சுந்தரம்மாள் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். போன வருடம் மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுத்தவள்.

"ஏக்கா, முத நாளு வாரவுகளுக்கு ஒரு கிலோ சீனி சும்மாவாமே? எங்குட்டு குடுக்குறாக?"

"சீனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது கடை வேணாம்னு சொல்ற கூட்டம்."

"அடி ஆத்தி! வேணாம்னு சொல்றதுக்கா இம்புட்டுப் பேரும் கும்பிட்டு வரச் சொன்னீக?" சுந்தரம்மாள் பின்னால் திரும்பி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆனால் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. வெயிலில் வந்தாயிற்று, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

அதிகாரியம்மா வந்ததும் விருமாண்டி மைக்கைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. "எங்கள் அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் அதிகாரி அவர்களே, பொருளாளர் மலையாண்டி அவர்களே, செயலாளர் தம்பி சூரியபிரகாஷ் அவர்களே, அச்சுச் செலவை ஏற்றுக்கொண்ட அருமை மச்சான் அருள்பாண்டி அவர்களே..." குழுவில் ஒருத்தரையும் விடாமல் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு போர்த்தினார். ஒவ்வொரு துண்டுக்கும் கைத்தட்டல். அதிகாரியம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், எனக்கு அடுத்த ஊர்ல மீட்டிங் இருக்கு. விஷயத்துக்கு வாங்க. போஸ்டரை வழியெல்லாம் பாத்துட்டுத்தான் வந்தேன். நல்ல வரவேற்பு இருக்கும்போல."

விருமாண்டி மீசையைத் தடவினார். "வரவேற்பு... அதாவதுங்கம்மா..."

அமீருன்னிசா போய் அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். வாழ்நாளில் அவள் மைக்கில் பேசியதில்லை, மைக் வைத்த மேடைகளுக்குப் பந்தல்தான் போட்டிருக்கிறாள்.

"அம்மா, வரவேற்பெல்லாம் இல்லம்மா. இந்தக் கடை எங்களுக்கு வேணாம். நானும் எங்க வீட்டுக்காரரும் இந்த எடத்தை நம்பித்தான் பொழைக்கிறோம். எங்களை விடுங்க. இந்தா உக்காந்திருக்கே சுந்தரம்மா, இவ மக கல்யாணம் இந்தக் களத்துலதான் நடந்துச்சு. கடை வந்துட்டா நீங்கள்லாம் கல்யாணத்தை எங்க வைப்பீக? மண்டபம் புடிக்க எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கு? சொல்லுங்க!"

முன் வரிசையில் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

சுந்தரம்மாள் எழுந்தாள். "அக்கா சொல்றது நெசந்தான். எம்மக கல்யாணத்துக்கு அக்கா இல்லைன்னா எங்க பாடு நாறிப்போயிருக்கும். ஆனா கல்யாணம் என்ன தெனமுமா நடக்குது? சோறு தெனமும் பொங்கணும்ல. எங்க ஊர்ல ஒரே கடை. அவன் வச்சதுதான் வெல. புழுத்த பருப்பைக் குடுத்துட்டு, வேணும்னா வாங்குங்கிறான். நல்ல சாமான் வேணும்னா ரெண்டு பஸ் மாறிப் போறோம். இங்கன ஒரு கடை வந்தா நடந்தே வந்துட்டுப் போயிருவோம். தப்பா எடுத்துக்காதீகக்கா."

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. அதுதான் அமீருன்னிசாவுக்கு எரிச்சலாக இருந்தது. இந்தக் கூறுகெட்ட குழு போஸ்டர் ஒட்டிய ஊர்களில் ஒருநாளாவது போய், உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டிருந்தால் இது முன்னமே தெரிந்திருக்கும். அவளும் கேட்கவில்லையே!

"சரி, கடை வரட்டும்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் அதிகாரியம்மா.

கைகள் எழுந்தன. கரடிப்பட்டி, வடபழஞ்சி முழுக்க எழுந்தது. வெள்ளைப்பாறை நகரிலேயே பாதிப் பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு மெல்லத் தூக்கினார்கள். நாகஜோதி இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அமீருன்னிசாவின் கண் ஒவ்வொரு கையாகப் போய்க் கடைசியில் பந்தல் காலில் சாய்ந்து நின்ற ஒருவரின் கையில் நின்றது. சாமியானா கட்டிக் கட்டிக் காய்ப்பேறிய கை. சுலைமானின் கை. அவர் மேடையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கியிருந்தார்.

கையில் இருந்த மைக்கை யாரோ வாங்கிக்கொண்டார்கள். அதிகாரியம்மா, பொதுமக்கள் திரளாக வந்து ஆதரவு தெரிவித்ததாக எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். கூட்டம் கலைந்தது. குழுக்காரர்கள் போர்த்திய துண்டோடு மேடையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தோற்றதுகூட அவர்களுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

சுலைமான் சேர்களை அடுக்க ஆரம்பித்திருந்தார். அவள் போய் எதிரில் நின்றாள்.

"எவன் எவனோ தூக்குனான், நான் ஒண்ணும் கேக்கல. நீங்க எதுக்குத் தூக்குனீக?"

அவர் அடுத்த சேரை எடுத்து அடுக்கினார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? கடைக்காரன் எதுவும் தாரேன்னானா? இல்ல, அந்த விருமாண்டி மாதிரி உங்களுக்கும் புத்தி பெசகிப்போச்சா?"

"என்னால முடியல அமீரு" என்றார் சுலைமான்.

"என்ன முடியல?"

"தூக்க முடியல. ரெண்டு வருசமா முடியல. அண்டாவை எறக்குனா அன்னைக்கு ராத்திரி படுக்க முடியல. காலு மரத்துப்போகுது. எடம் போச்சுன்னா தொழிலும் போயிரும்ல, அதான் கையைத் தூக்குனேன்."

அவளுக்கு வந்ததெல்லாம் கோபம்தான். "ரெண்டு வருசமா? ஒரே வீட்ல இருந்துக்கிட்டு? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன, நாக்கு வெந்துருமா?"

"சொன்னா நீ ஒத்தையாத் தூக்குவ."

அன்றைக்கு அவளிடம் எல்லோருக்கும் பதில் இருந்தது. விருமாண்டிக்கு இருந்தது, சூரியபிரகாஷுக்கு இருந்தது, அதிகாரியம்மாவுக்கே இருந்தது. இதற்கு மட்டும் இல்லை. அவர் சொன்னது உண்மை. அவள் ஒத்தையாகத் தூக்கத்தான் செய்வாள். முழங்கால் உடைந்தாலும் தூக்குவாள். அவருக்கு அது முதுகை ஒடிக்கிற சுமை. அவளுக்கு அதுதான் நாலு பேர் நடுவில் நிமிர்ந்து நிற்கிற இடம். இம்புட்டு வருசத்தில் அவரிடம் அவள் கேட்டதில்லை, அவளிடம் அவர் சொன்னதில்லை.

"உங்களுக்கு முதுகு வலி போகும். சரி. எனக்கு இனிமே என்ன வேலை?" என்று கேட்டாள். "தேதி கேட்டு எவ வருவா என்கிட்ட?"

அவர் பாவம்போல நின்றார். நின்றவர் பழக்க தோஷத்தில் குனிந்து நாலு சேரைத் தூக்கப்போனார்.

"வைங்க கீழ!" அவள் போட்ட சத்தத்தில் மேடையில் போட்டோ எடுத்தவர்கள் திரும்பிவிட்டார்கள். "ஏய் விருமாண்டி! சூரியபிரகாசு! மலையாண்டியண்ணே! துண்டை அவுத்து வச்சுட்டு வாங்க இங்க. அம்புட்டுச் சேரும் ஷெட்டுக்குள்ள போகணும். அந்தக் கூலிங்கிளாசையும் கூப்புடு, பந்தல் கம்பு அவன் பொறுப்பு."

"நாங்களா?" என்றார் விருமாண்டி.

"கூட்டம் நீங்க கூட்டுனதுதானே? தூக்குங்க."

அவள் முகத்தைப் பார்த்த பிறகு எவனும் எதிர்த்துப் பேசவில்லை. தலைவர் தூக்கினார், செயலாளர் தூக்கினார், பொருளாளர் முனகிக்கொண்டே தூக்கினார். அமீருன்னிசா ஒரு சேரை இழுத்துப்போட்டுச் சுலைமானை அதில் உட்காரவைத்தாள். பக்கத்தில் இன்னொன்றைப் போட்டுத் தானும் உட்கார்ந்தாள். சொந்தச் சேரில், சொந்தப் பந்தலில், வேலை செய்யாமல் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தா பாருங்க" என்றாள், அவர் பக்கம் திரும்பாமலே. "இனிமே எனக்கு எதிராக் கை தூக்கணும்னா வீட்டுக்குள்ள வச்சுத் தூக்குங்க. ஊருக்கு முன்னால தூக்காதீக."

"சரி" என்றார் சுலைமான்.